கடைத்தேங்காய்

நியூ ஜெர்சியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற வீடுகளில், சாப்பாடு முடிந்து பிள்ளைகள் மாடிக்குப் போன பிறகு ஒரு பேச்சு கட்டாயம் வரும். "மளிகைக்கு என்ன கார்டு வச்சிருக்கீங்க?" என்று யாராவது ஆரம்பிப்பார். அது அப்படியே "ஊருக்குப் போக எதுல மைல் சேத்தீங்க?" என்று போகும். ஒருத்தர் போனில் எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டுவார். இன்னொருத்தர், போன வருஷம் பிசினஸ் கிளாஸில் படுத்துக்கொண்டே சென்னைக்குப் போன கதையை மூன்றாவது முறையாகச் சொல்வார். நான் இதை வெறுமனே வேடிக்கை பார்க்கிறவன் இல்லை. என் பர்ஸிலும் ரெண்டு கார்டு இருக்கிறது. ஒன்று மளிகைக்கு, ஒன்று பயணத்துக்கு.

எது லாபம் என்கிற கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இதில் சுலபமான பகுதி அதுதான். மளிகைக் கார்டுகளில் பேர்போனது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் புளூ கேஷ் ப்ரிஃபர்ட். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் செலவழிக்கிற பணத்தில் 6 சதவீதம் திரும்ப வரும். ஆனால் வருஷத்துக்கு 6,000 டாலர் வரைக்கும்தான், அதற்கு மேல் 1 சதவீதம். மாதம் 500 டாலருக்கு மளிகை வாங்குகிற வீட்டுக்கு 360 டாலர் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 95 போக 265 டாலர் கையில் நிற்கும். பயணக் கார்டுகளில் பேர்போனது சேஸ் வங்கியின் சஃபையர் ரிசர்வ். 2016-இல் வந்தபோது ஆண்டுக் கட்டணம் 450 டாலர், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 1,00,000 பாயிண்ட் போனஸ். கார்டு செய்யும் உலோகத்துக்கே தட்டுப்பாடு வருகிற அளவுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். 2025-இல் அதே கார்டுக்கு 795 டாலர் கட்டணம். இதில் லாபம் எவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்ல முடியாது. மளிகைக் கார்டு தருவது சென்ட், சென்ட் என்றால் சென்ட்தான். பயணக் கார்டு தருவது பாயிண்ட். அதன் மதிப்பு, நாம் எந்த நாளில் எந்த சீட்டைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். சமைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு முதலாவது, அடிக்கடி பறக்கிறவருக்கு இரண்டாவது. ஒப்பீடு அவ்வளவுதான்.

எக்செல் ஷீட்டில் இல்லாத ஒரு காலம் இருக்கிறது: இந்தப் பணத்தை யார் தருகிறார்? "பேங்க் தருது" என்பார்கள். வங்கி எப்போது யாருக்குச் சும்மா கொடுத்தது? இதைத் தேடிப் போனபோதுதான், இந்த ரெண்டு கார்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்தது. ஒன்றின் பாட்டி பலசரக்குக் கடையில் பிறந்தவள். மற்றதன் தாத்தா விமான நிலையத்துக்காரர்.

*

நம் ஊர் அண்ணாச்சி கடையில் கொசுறு என்று ஒன்று உண்டு. காய் வாங்கினால் கறிவேப்பிலை, சாமான் வாங்கினால் பிள்ளை கையில் ஒரு துண்டு வெல்லம். அமெரிக்கர்கள் அந்தக் கொசுறைப் பசை தடவிய காகிதமாக்கினார்கள். 1896-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில் தாமஸ் ஸ்பெர்ரி, ஷெல்லி ஹட்சின்சன் என்ற இரண்டு பேர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் விற்றது பச்சை நிற ஸ்டாம்ப். வாங்கியவர்கள் கடைக்காரர்கள். வாடிக்கையாளர் 10 சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரர் ஒரு ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுப்பார். அதை நாக்கால் நனைத்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஒட்டவேண்டும். 1,200 ஸ்டாம்ப் ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். இத்தனை புத்தகத்துக்கு ஒரு டோஸ்டர், இத்தனை புத்தகத்துக்கு ஒரு மேஜை விளக்கு என்று கம்பெனியின் கேட்டலாக் சொல்லும். அமெரிக்காவின் ஒரு தலைமுறைக்கு அந்தப் பசையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இங்கே எழுபது தாண்டிய யாரிடம் கேட்டாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

இந்த ஸ்டாம்ப் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது? இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு.

அந்தக் காலத்து அமெரிக்கக் கடை நம்முடைய பழைய மளிகைக் கடை மாதிரிதான் இருந்தது. கணக்கு நோட்டு இருக்கும். மாசக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லி வாங்கிப் போவார்கள். சிலர் தருவார்கள், சிலர் ஊரைவிட்டே போய்விடுவார்கள். அந்த நஷ்டத்தையும் தாமதத்தையும் கடைக்காரர் விலையில்தான் ஏற்றிவைப்பார். ஆக, கையில் காசு கொடுத்து வாங்குகிறவர், கடன் சொல்லி வாங்குகிறவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் அந்த அநியாயத்துக்கு ஒரு சின்னப் பரிகாரம். "நீ ரொக்கம் கொடுத்தாய், உனக்கு ஒரு தள்ளுபடி, இந்தா பிடி" என்று சொல்கிற காகிதம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரருக்கு இதில் ஆன செலவு விற்பனையில் ஏறக்குறைய 2 சதவீதம். ஸ்டாம்ப் கம்பெனிக்கு இரண்டு வழியில் லாபம். கடைக்காரர் இன்று பணம் கொடுத்து ஸ்டாம்ப் வாங்குகிறார், வாடிக்கையாளர் டோஸ்டர் கேட்டு வருவதற்கு மாதங்கள், வருஷங்கள் ஆகும். அதுவரை அந்தப் பணம் கம்பெனியின் கையில். இரண்டாவது, தொலைந்துபோன ஸ்டாம்ப். மேஜை இழுப்பறையில் கிடந்து ஒட்டிக்கொண்டவை, சட்டைப் பையோடு துவைக்கப்பட்டவை. இன்றைக்கு காலாவதியாகிற மைல்களையும் மறந்துபோன பாயிண்ட்களையும் நம்பி நடக்கிற வியாபாரத்தின் மொத்த சூத்திரமும் அந்த இழுப்பறைக்குள் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பல மாநிலங்கள் தடை போட்டன, வரி போட்டன. 1916-இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் வரியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மனிதனின் ஆசையைக் கிளறி, தேவையில்லாததை வாங்கவைக்கிற ஏற்பாடு இது என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது. ஆனால் சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகிய 1950-களில் ஸ்டாம்ப் வெள்ளமாக வந்தது. 60-களில், அமெரிக்கத் தபால் துறை அச்சடிப்பதைப்போல மூன்று மடங்கு ஸ்டாம்ப் தாங்கள் அச்சடிப்பதாக ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் கம்பெனி பீற்றிக்கொண்டது. ஆண்டி வார்ஹோல் 1962-இல் அந்தப் பச்சை ஸ்டாம்பை வரிசை வரிசையாக வைத்து ஓவியம் ஆக்கினார். சூப் டப்பாவை வரைந்தவர் ஸ்டாம்பை விட்டுவைப்பாரா என்ன.

இந்தக் காலகட்டத்தில் ஸ்டாம்ப் என்பது வீட்டுப் பெண்களின் தனிப் பணம். கணவரின் சம்பளத்தில் எது வாங்கவேண்டும் என்று கணவர் முடிவெடுத்தார். ஸ்டாம்பில் எது வாங்கவேண்டும் என்று மனைவி முடிவெடுத்தாள். நம் அம்மாக்களின் அஞ்சறைப்பெட்டிச் சேமிப்பு மாதிரி. 1970-இல் வந்த 'தி பிரேடி பன்ச்' தொலைக்காட்சித் தொடரில் ஒரு முழு எபிசோடே இதுதான். ஸ்டாம்ப் கம்பெனி மூடப்போகிறது, வீட்டில் 94 புத்தகம் சேர்ந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குத் தையல் மெஷின் வேண்டும், பையன்களுக்குப் படகு வேண்டும், வீடே இரண்டாகிறது. பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் பிள்ளைகள் லட்சக்கணக்கான ஸ்டாம்ப்களைச் சேர்த்து, உள்ளூர் மிருகக்காட்சிசாலைக்குக் கொரில்லா வாங்கிக் கொடுத்தார்கள். மைல் சேர்த்து ஊருக்கு ஒரு கொரில்லா வாங்கித் தந்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு கடை மட்டும் ஸ்டாம்ப் கொடுத்தால் அதற்குக் கூட்டம் வரும். தெருவில் எல்லாக் கடையும் கொடுத்தால் யாருக்கும் கூடுதல் கூட்டம் இல்லை, 2 சதவீதச் செலவு மட்டும் எல்லாருக்கும் மிச்சம். அது விலையில் ஏறும். 1966 அக்டோபரில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் பெண்கள் சூப்பர் மார்க்கெட்டுகளைப் புறக்கணித்தார்கள். ஸ்டாம்பும் பரிசுப் போட்டியும் வேண்டாம், விலையைக் குறை என்பது அவர்கள் கோரிக்கை. போராட்டம் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. எந்தப் பெண்களுக்காக ஸ்டாம்ப் நடத்தப்படுவதாகச் சொன்னார்களோ, அவர்களே சாலைக்கு வந்தார்கள்.

பிரிட்டனில் இந்தக் கதை இன்னும் தெளிவாக நடந்தது. ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் 1958-இல் கொண்டுவந்த கிரீன் ஷீல்ட் ஸ்டாம்பை டெஸ்கோ 1963-இல் எடுத்துக்கொண்டது. செய்ன்ஸ்பரி எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பதினான்கு வருஷம் கழித்து, 1977-இல், டெஸ்கோ ஒரே நாளில் ஸ்டாம்பை நிறுத்தி, அந்தப் பணத்தை விலைக் குறைப்பில் போட்டது. விற்பனை எகிறியது. ஒரு கடை நினைத்தால் ஸ்டாம்பை விட்டுவிடலாம், விலையைக் குறைக்கலாம். 1977-இல் அந்தக் கதவு திறந்திருந்தது.

அதே அமெரிக்காவில் வேறொரு ஸ்டாம்பும் இருந்தது. 1939 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அரசு ஏழைகளுக்கு உணவு ஸ்டாம்ப் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீல நிற ஸ்டாம்ப் இலவசம். ஆரஞ்சில் எந்த உணவும் வாங்கலாம். நீலத்தில், விவசாயிகளிடம் மிஞ்சிப்போனது என்று அரசு பட்டியலிட்டதை மட்டும். இந்த ஸ்டாம்ப் கைக்கு வர வறுமையைக் காட்டவேண்டும். பச்சை ஸ்டாம்ப்புக்குக் காசைக் காட்டினால் போதும். ஒரே பலசரக்குக் கடையில் இரண்டு ஸ்டாம்ப், இரண்டு வகை ஜனங்கள். இந்த நீல ஸ்டாம்பின் பேத்தியை மறுபடியும் பார்ப்போம்.

*

இனி விமான நிலையத்துத் தாத்தா.

1950-இல் ஃபிராங்க் மெக்நமாரா டைனர்ஸ் கிளப் அட்டையைத் தொடங்கினார். நியூயார்க் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பர்ஸை மறந்திருந்தார், அந்த அவமானத்தில் பிறந்தது கிரெடிட் கார்டு என்று ஒரு கதை உண்டு. கம்பெனியின் விளம்பர ஆள் கட்டிவிட்ட கதை அது. நிஜம் இன்னும் சுவாரஸ்யமானது. கம்பெனிச் செலவில் வாடிக்கையாளர்களை விருந்துக்கு அழைத்துப்போகிற விற்பனைப் பிரதிநிதிகள்தான் அந்த அட்டையின் குறி. உணவகம் பில் தொகையில் 7 சதவீதத்தை டைனர்ஸ் கிளப்புக்குக் கொடுத்தது. 7 சதவீதம்! உணவகம் ஏன் சம்மதித்தது என்றால், வருகிற ஆள் தன் பணத்தைச் செலவழிக்கவில்லை. விலையைப் பார்க்கமாட்டான்.

பயண அட்டையின் ஆதி சுபாவம் இதுதான். அடுத்தவர் பணத்தில் நடக்கிற தாராளம். நம்மிடம் இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது: கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறது.

விமான டிக்கெட் விலையை 1978 வரை அமெரிக்க அரசுதான் நிர்ணயித்தது. அந்த வருஷம் கட்டுப்பாடு நீங்கியதும் போட்டி மூண்டது. 1979-இல் டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற சின்ன விமான நிறுவனம் பறந்த தூரத்தைக் கணக்கு வைத்துப் பரிசு தரத் தொடங்கியது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைப் பெரிதாகச் செய்தது. அதனிடம் சேபர் என்கிற முன்பதிவுக் கணினி இருந்தது. அதற்குள் திரும்பத் திரும்ப வருகிற தொலைபேசி எண்களைத் தேடி, அடிக்கடி பறக்கிறவர்கள் யார் என்று கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். சில நாளில் யுனைட்டெடும் வந்துவிட்டது. எப்படியும் காலியாகப் பறக்கப்போகிற சீட்டைப் பரிசாகத் தருவதில் விமானக் கம்பெனிக்குச் செலவு சொற்பம்.

பச்சை ஸ்டாம்புக்கும் மைலுக்கும் வித்தியாசம் இங்கே ஆரம்பிக்கிறது. ஸ்டாம்ப், கடைக்கு வருகிற எவருக்கும் கிடைத்தது. மைல், கணினி தேர்ந்தெடுத்தவர்களுக்கு. ஸ்டாம்ப், தன் பணத்தைச் செலவழித்தவருக்குக் கிடைத்தது. மைலோ, டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய முதலாளிக்குப் போகாமல், சீட்டில் உட்கார்ந்த ஊழியருக்குப் போனது. கம்பெனி காசில் சிகாகோ போய் வந்தவர், அந்த மைலில் குடும்பத்தோடு ஹவாய் போனார்.

1987-இல் சிட்டி வங்கி, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பெயரில் ஒரு கார்டு கொண்டுவந்தது. இனி மைல் சேர்க்கப் பறக்கத் தேவையில்லை. தரையில் ஒரு டாலர் செலவழித்தால் ஒரு மைல். விமானக் கம்பெனி மைலை வங்கிக்கு விற்கிறது, வங்கி அதை நமக்குத் தருகிறது. கவனித்தால் இது ஸ்பெர்ரியும் ஹட்சின்சனும் செய்த அதே வேலை. ஸ்டாம்ப் அச்சடிக்கிற இடத்தில் விமானக் கம்பெனி, ஸ்டாம்ப் வாங்குகிற இடத்தில் வங்கி. நோட்டு அச்சடிக்கிற உரிமை மாதிரி ஒன்று கைக்கு வந்துவிட்டால் யார் விடுவார்கள்? 2020-இல் கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியது. அப்போது போட்ட மதிப்பீட்டில் அந்தத் திட்டம் சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் அந்த முழு விமானக் கம்பெனியின் மதிப்பே அதைவிடக் குறைவாக இருந்தது. மைல் திட்டத்தைக் கழித்தால், விமானங்கள், பைலட்டுகள், வழித்தடங்கள் எல்லாம் சேர்த்துப் பூஜ்யத்துக்கும் கீழே என்று சந்தை சொன்னது. டெல்டா நிறுவனத்துக்கு 2023-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து வந்த பணம் மட்டும் 700 கோடி டாலருக்குப் பக்கம். இன்று விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே பணிப்பெண் மைக்கில் கார்டு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவது சும்மா இல்லை.

மைலின் மதிப்பும் அச்சடிக்கிறவர் சொல்வதுதான். எத்தனை மைலுக்கு எந்த ஊர் என்ற அட்டவணையை டெல்டா 2015-இல் எடுத்துவிட்டது, யுனைட்டெட் 2019-இல். பச்சை ஸ்டாம்ப் கேட்டலாக்கில் டோஸ்டருக்கு நேராக ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்தப் பாட்டிமார்கள் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

*

இரண்டு வம்சமும் சந்தித்த இடம் சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுண்ட்டர். அது ரொம்பத் தாமதமாகத்தான் நடந்தது.

1986-இல் சியர்ஸ் கடை நிறுவனம் டிஸ்கவர் கார்டை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் இல்லை, செலவழித்ததில் ஒரு பங்கு, அதிகபட்சம் 1 சதவீதம், ரொக்கமாகத் திரும்பும். கேஷ்பேக் என்பதன் தொடக்கம் அது. தொடங்கியது ஒரு கடைக்காரர் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. ஸ்டாம்பின் ரத்தம் அதில் ஓடியது. ஆனாலும் மளிகைக் கடைகள் 80-கள் முடிகிறவரை கிரெடிட் கார்டைப் பெரும்பாலும் உள்ளே விடவில்லை. 100 டாலர் விற்றால் ஒன்றோ இரண்டோ டாலர் நிற்கிற தொழிலில், 2 டாலரைக் கார்டுக்கு எங்கிருந்து கொடுப்பது? 90-களில் கார்டு நெட்வொர்க்குகள் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கென்று கட்டணத்தைக் குறைத்து வைத்த பிறகுதான் கதவு திறந்தது.

கட்டணம் என்றால் இதுதான்: நாம் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடமிருந்து சுமார் 2 சதவீதம் போகிறது. அதில் பெரும் பங்கு, இன்டர்சேஞ்ச் என்ற பெயரில், நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. அதிலிருந்துதான் மைலும் கேஷ்பேக்கும். பரிசு அதிகமுள்ள கார்டுக்குக் கட்டணமும் அதிகம். கடைக்காரர் அதை விலையில் ஏற்றுகிறார். அந்த விலையை எல்லாரும் கொடுக்கிறார்கள், கையில் கசங்கிய நோட்டோடு நிற்கிறவரும்.

ஆக 2 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. 1896-இல், கடன் சொல்கிறவருக்காக ரொக்கக்காரர் கூடுதலாகக் கட்டுகிறாரே என்று அவருக்கு ஸ்டாம்ப் கொடுத்தார்கள். இன்று கடன் அட்டை நீட்டுகிறவருக்கு ஸ்டாம்ப், அதற்கான காசைக் கட்டுவது ரொக்கக்காரர். இந்தத் தலைகீழை முதல்முறை புரிந்துகொண்ட அன்று, கையிலிருந்த கார்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொகையையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தருகிறது. கார்டில் வாங்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. வருமானப்படி பிரித்தால், 20,000 டாலருக்குக் கீழே சம்பாதிக்கிற குடும்பம் நிகரமாக 21 டாலர் இழக்கிறது. 1,50,000 டாலருக்கு மேலே சம்பாதிக்கிற குடும்பம் 750 டாலர் பெறுகிறது. பிறகு ஃபெடரல் ரிசர்வைச் சேர்ந்தவர்களும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, கார்டு வைத்திருப்பவர்களுக்குள்ளேயே பார்த்தது. பாக்கியை முழுசாகக் கட்டத் தெரியாமல் வட்டியில் மாட்டுகிறவர்களிடமிருந்து, விவரமாகக் கட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் போகிறது என்றது. ரொக்கத்துக்கும் செலவு உண்டு, எண்ணவேண்டும், வங்கிக்குக் கொண்டுபோகவேண்டும், திருடு போகும், அதையும் கழித்துப் பார் என்கிற வாதம் நியாயமானது. தொகை கூடக் குறைய இருக்கலாம். பணம் ஓடுகிற திசை மாறாது.

"எல்லாரும் கார்டு வாங்கிக்கலாமே, யாரு தடுத்தா?" என்று எக்செல் நண்பர் கேட்டார். 2023 கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 56 லட்சம் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. கணக்கு இருந்தும், நல்ல கிரெடிட் ஸ்கோர் இல்லாததால் பரிசுக் கார்டு கிடைக்காதவர்கள் அதற்கும் மேலே. நீல ஸ்டாம்பின் பேத்தியைப் பார்ப்போம் என்று சொன்னேனே. இன்று அது ஸ்நாப் என்ற அரசு உதவி அட்டை. பிளாஸ்டிக், காந்தப் பட்டை, எல்லாம் நம் கார்டு மாதிரியேதான். அதில் 200 டாலருக்கு அரிசியும் பாலும் வாங்கினால் ஒரு பாயிண்ட்கூடக் கிடையாது. 6 சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடைகளுக்கு நெட்வொர்க் தருகிற வகை எண்ணில் 5411 என்றால்தான் மளிகைக் கடை. ஏழைப் பேட்டைகளில் ஜனங்கள் பால், ரொட்டி வாங்குகிற டாலர் கடைகள் பெரும்பாலும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை.

சரி, 1977-இல் டெஸ்கோ செய்ததைப்போல ஒரு கடைக்காரர் இன்று "எனக்கு இந்த ஸ்டாம்ப் வேண்டாம்" என்று சொல்லலாமா? நெட்வொர்க்கின் ஒரு கிரெடிட் கார்டை ஏற்றால் எல்லாக் கிரெடிட் கார்டையும் ஏற்கவேண்டும் என்ற விதிக்குள்தான் கடைகள் பல காலம் நடந்திருக்கின்றன. சாதாரணக் கார்டுக்குச் சரி, உலோகக் கார்டுக்கு முடியாது என்று சொல்ல வழியில்லை. "இதைவிட அந்த கார்டு எனக்குச் செலவு குறைவு, அதைக் கொடுங்களேன்" என்று வாடிக்கையாளரிடம் கேட்கவும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒப்பந்தம் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது.

இலக்கியம் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியது, இதில் ஒரு சொல் யுத்தமும் நடந்தது. ரொக்கத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை வைக்கலாமா என்ற கேள்வி 70-களில் வந்தபோது, ரொக்கத்துக்குத் 'தள்ளுபடி' என்று எழுதலாம், கார்டுக்குக் 'கூடுதல் கட்டணம்' என்று எழுதக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் வகுத்தது. 100, 103 என்ற அதே இரண்டு எண்கள்தான். தள்ளுபடி என்றால் மனிதன் தோளைக் குலுக்கிவிட்டுக் கார்டை நீட்டுவான், கூடுதல் கட்டணம் என்றால் பர்ஸில் நோட்டைத் தேடுவான். கார்டு கம்பெனிகளுக்கு இது தெரிந்திருந்தது. நியூயார்க்கில் இதே போன்ற மாநிலச் சட்டத்தை ஒரு முடிதிருத்தும் கடையும் வேறு சில வியாபாரிகளும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2017-இல் நீதிமன்றம், இந்தச் சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை, கடைக்காரரின் பேச்சைக் கட்டுப்படுத்துகிறது என்று சொன்னது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இன்டர்சேஞ்சுக்கு உச்சவரம்பு போட்டது. கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், டெபிட்டுக்கு 0.2. கிணறு வற்றியதும் அங்கே பரிசுக் கார்டுகள் மெலிந்துபோயின. இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெட்டிக்கடை அக்கா க்யூஆர் அட்டையைத் தைரியமாக மாட்டிவைத்திருப்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் டெபிட் கார்டுக்கு மட்டும் 2010 சட்டத்தின் வழியாக வரம்பு வந்தது, டெபிட் பரிசுகள் பெரும்பாலும் மறைந்தன. கிரெடிட் பக்கம் கைவைக்க வந்த மசோதாவை விமானக் கம்பெனிகளே முன்னால் நின்று எதிர்க்கின்றன. உங்கள் மைலைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று நம்மிடமே சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டில் மளிகைக் கார்டு கொஞ்சம் யோக்கியமானது. வயிற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது, 6,000 டாலர் என்ற வரம்பும் இருக்கிறது. அந்த 6 சதவீதத்தில் கோடீஸ்வரரும் என்னைப்போல 360 டாலர்தான் வாங்கமுடியும். கொடுப்பது சென்ட் என்பதால் ஏமாற்றவும் வழி குறைவு. பயணக் கார்டுக்கு அளவு கிடையாது. எவ்வளவு செலவழிக்கிறாயோ அவ்வளவு, மேலே வானம். ஆனால் இரண்டும் தண்ணீர் இறைப்பது ஒரே கிணற்றில். பிசினஸ் கிளாஸில் படுத்துப்போனவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் விட்டா அந்த சீட்டு அந்த ஜனங்களுக்கா போகப்போகுது?" என்றார். போகாதுதான்.

நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, ஆள்தான் போடவேண்டும். கடைகள் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று 2019-இல் சட்டம் போட்ட மாநிலமும் இதுதான். பல பங்குகளில் வெளியே பெரிய எழுத்தில் இரண்டு விலை போட்டிருப்பார்கள், ரொக்கத்துக்கு ஒன்று, கிரெடிட்டுக்கு ஒன்று. காலனுக்குச் சில சென்ட் வித்தியாசம். வேறு எங்கேயும் கண்ணில் படாத அந்த 2 சதவீதம் இங்கே மட்டும் வெட்டவெளியில், இரவில் விளக்குப் போட்டு நிற்கிறது. வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால், பங்க்கில் வேலை பார்க்கிற பஞ்சாபிப் பெரியவர் குனிந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "கேஷ் ஆர் கிரெடிட்?"

பின்னால் நிற்கிற பழைய டொயோட்டாக்காரர் எப்போதும் இருபது டாலர் நோட்டைத் தயாராக மடித்து வைத்திருக்கிறார்.